பிக்கெட் ஆட்டத்துக்கு ஆகாதவள்

பிக்கெட் ஆட்டம் நெருங்கினால் எங்கள் ஊரில் ஒரு ஆளும் ஒழுங்காக இருப்பதில்லை. வங்கி மேலாளர் ஒரு வாரம் முகம் மழிக்க மாட்டார். மருந்துக் கடைக்காரர் போன தடவை ஜெயித்த அன்று போட்டிருந்த காலுறையைத் துவைக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்து எடுத்துப் போடுவார். கிட்டப் போய் மாத்திரை வாங்குகிற நமக்குத்தான் மூச்சு முட்டும். பாதிரியார் மேடையில் நின்று, ஆண்டவர் எந்த அணிப் பக்கமும் இல்லை என்று அழுத்திச் சொல்லிவிட்டு, எங்கள் அணியின் பச்சை நிறத்தில் இருக்கிற தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொள்வார். எங்கள் டாலிவர் கல்லூரி ‘நாரைகள்’ அணியும் பிக்கெட் கல்லூரி ‘கோவேறு கழுதைகள்’ அணியும் மோதுகிற அமெரிக்கக் கால்பந்து அது, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். நவம்பர்ச் சனிக்கிழமை. அன்றைக்கு யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாகக் கிடப்பவர்கூட ஞாயிறு வரைக்கும் தாக்குப்பிடித்தால் தேவலை என்று வீட்டார் நினைப்பார்கள்.

இந்தக் கூத்தில் வெர்னா டிட்வெல்லுக்கு என்று ஒரு வேலை உண்டு. அவள் அங்கே இருக்கக் கூடாது. அதுதான் வேலை.

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு முறை முறைத்தாள் என்றால், கடைசி இருக்கையில் சூயிங்கம் மெல்கிற பயல் அதை அப்படியே விழுங்கிவிடுவான். செம்மண் சாலை மழையில் சேறாகிக் கிடந்த நாளில்கூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியவள் இல்லை. அப்பேர்ப்பட்டவள் கொழுந்தன் புஃபோர்டிடம் மட்டும் தோற்றுப்போவாள். அவன் பேச்சில் நியாயம் இருந்தால்தானே எதிர்த்துப் பேச? நியாயமே இல்லாத பேச்சை எங்கே பிடித்து மடக்குவது?

இதை ஆரம்பித்து வைத்தவனும் அவன்தான். ஹார்லனைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம் வெர்னா முதல் முதலாகப் பிக்கெட் ஆட்டம் பார்க்கப் போனாள். டாலிவர் ஜெயிக்கிற நேரம். புது மணப்பெண், சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று கை தட்டினாள். அந்த நொடியில் எங்கள் ஆள் பந்தைக் கை நழுவ விட்டான், கழுதைக்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடிவிட்டான், ஆட்டம் போச்சு. அடுத்த வருஷம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கல்லாகவே உட்கார்ந்திருந்தாள். அப்போதும் தோல்வி. அதற்கடுத்த வருஷம் ஆட்டத்தன்று ஆஸ்பத்திரியில் வெஸ்லியைப் பெற்றுக்கொண்டிருந்தாள். டாலிவர் பிக்கெட்டைத் துவைத்துக் காயப்போட்டது. ஹார்லன் ஒரு கையில் பிள்ளையும் காதில் வானொலியுமாக நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். எதற்கு அழுதான் என்று வெர்னாவுக்கு இன்றுவரை தெரியாது.

"அண்ணிக்கு இந்த ஆட்டத்துல ராசி இல்ல," என்று புஃபோர்டு தீர்ப்புச் சொன்னது அன்றைக்குத்தான். மற்ற ஆட்டங்களுக்குத் தாராளமாக வரலாம். பிக்கெட் என்றால் மட்டும் மைதானம் கிடையாது, டிவி கிடையாது, வானொலியும் கிடையாது. அவளைப் பலசரக்குக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரே ஆட்டத்தில் இருக்க, அந்தப் பெரிய கடையில் அவளும் கல்லாக்காரியும் மட்டும். உண்மையைச் சொன்னால் அந்த நிம்மதி அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அவள் கடையில் இருந்தும் டாலிவர் தோற்ற வருஷங்கள் இல்லையா என்றால், இருந்தன. அதற்கெல்லாம் புஃபோர்டிடம் பதில் உண்டு. ஒரு வருஷம் அவள் மைதானத்து வழியாக வண்டியில் போனாளாம். இன்னொரு வருஷம் மனசுக்குள்ளே நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அவள் இதை நம்பினாளா? கேட்டால் சிரிப்பாள். ஆனால் ஒரு தடவை வீட்டில் தவறுதலாக டிவியைப் போட்டபோது சரியாகக் கழுதைக்காரர்கள் புள்ளி எடுத்தார்கள். கை சுட்டது போல அணைத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அந்த வருஷம் வெஸ்லி குறுக்கே வந்தான்.

வெஸ்லி டாலிவர் அணியில் நான்கு வருஷமாக இருக்கிறான், ஆனால் இல்லை. உதவித்தொகை கிடையாது, சொந்த ஆர்வத்தில் சேர்ந்தவன். அவன் வேலை என்ன தெரியுமா? பந்தை உதைத்துக் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பப் போகும்போது, முன்னால் ஒருத்தன் குனிந்து நின்று, கால் இடுக்கு வழியாகப் பின்னால் மண்டியிட்டிருப்பவன் கைக்குப் பந்தை எறிய வேண்டும்; அவன் பிடித்து நிறுத்துகிற பந்தைத்தான் உதைப்பார்கள். அதற்கென்றே ஒரு ஆள். சரியாக எறிந்தால் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. தப்பாக எறிந்தால் பேரன் காலம் வரைக்கும் ஊர் மறக்காது. அந்த வேலைக்கும் வெஸ்லி இரண்டாவது ஆள். முதல் ஆள் டார்னெல்லுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நான்கு வருஷமும் வெஸ்லி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பான், பிக்கெட் தவிர மற்ற ஆட்டங்களில் வெர்னா மேலே உட்கார்ந்து அவன் நிற்பதைப் பார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, டார்னெல் விரல் நசுங்கிருச்சு. வண்டிக் கதவுல."

"ஐயோ பாவமே! ரொம்ப வலியா?"

"அம்மா, அப்போ சனிக்கிழமை நான்தான்."

அவள் பேருந்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீதான்னா? களத்துலயா?"

"ஆமா. கடைசி வருஷப் பசங்களை அப்பா அம்மாவோட நடக்க வைக்கிறதும் அன்னைக்குத்தான். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? ஊர் மைதானத்தில் வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், படிப்பு முடிக்கிற ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளை நடுவில், மூவரும் களத்தின் நடுப்பகுதி வரைக்கும் நடக்க வேண்டும். நடந்துவிட்டு நைஸாகக் கழன்றுகொள்வதாகத்தான் அவள் வைத்திருந்தாள். இப்போது பிள்ளை ஆடப்போகிறானே! அவன் வாழ்க்கையிலேயே ஆடப்போகிற ஒரே ஆட்டம். இதைப் பார்க்காவிட்டால் இனி எப்போதும் பார்க்க முடியாது. சரி, பார்த்தாள் என்று வை. அவள் பார்க்கிற நேரத்தில் பந்து எங்கேயோ பறந்து, ஊர் முழுக்க வெஸ்லி பெயரைச் சொல்லித் திட்டினால்? இருக்கவா, போகவா? மறுநாள் காலை இதே யோசனையில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பேருந்து முழுக்கப் பிள்ளைகள் கத்தின. அவள் கண்ணாடியில் முறைத்தாள், அன்றைக்கு ஒரு பிள்ளையும் பயப்படவில்லை.

சனிக்கிழமை விடிந்ததுமே மைதானத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடம் பச்சைக் கூடாரங்களாக மாறிவிட்டது. கரி அடுப்புப் புகை, வேகவைத்த வேர்க்கடலை வாசம், நான்கு பக்கமும் நான்கு பாட்டு. சாப்பாடு மலையாகக் கிடந்தது, ஆனால் ஒருத்தருக்கும் இறங்கவில்லை. பெரிய பெரிய ஆம்பிளைகள் கையில் தட்டோடு நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்து நடந்தார்கள். பக்கத்துக் கூடாரத்துப் பெண்மணி முட்டைத் தட்டோடு வந்தவள் அவளைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை ஆடறானாமே, ரொம்ப சந்தோஷம்," என்றாள். உடனே, "நீங்க இன்னும் கிளம்பலையா?" என்றும் கேட்டாள்.

புஃபோர்டு அடுப்பில் பன்றித் தோள்கறியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது," என்றான். அவன் அப்படி ஆரம்பித்தால் கோபம் வருகிற சமாசாரம் பின்னால் வருகிறது என்று அர்த்தம். "நடங்க. மகாராணி மாதிரி நடங்க. நான் விசிலே அடிக்கிறேன். நடந்து முடிச்சதும் அப்படியே வாசலைத் தாண்டிப் போயிடுங்க. வீட்டுக்குச் சாமான் ஒண்ணும் வாங்க வேண்டாமா?"

"எல்லாம் வாங்கியாச்சு."

"உப்பு?"

"இருக்கு புஃபோர்டு. உன் வாயில கொட்டற அளவுக்கு இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் அவள் ஒரு வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை எடுத்துவிட்டாள். "போன வருஷம் பிக்கெட் ஆட்டத்தோட கடைசிப் பகுதியை நான் பார்த்தேன். நாம ஜெயிச்சோம்."

புஃபோர்டின் கையிலிருந்த இடுக்கி அடுப்பில் விழுந்தது. "எங்க பார்த்தீங்க?"

"கடையில. கல்லாவுக்கு மேல டிவி மாட்டியிருக்காங்க."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பின்னே, மூக்காலயா?"

அவன் யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்க்கப் பார்க்க வெர்னாவுக்கு மனசு குளிர்ந்தது. இன்றைக்கு மடக்கிவிட்டேன் என்றே நினைத்தாள்.

"டிவியில சத்தம் இருந்துச்சா?" என்றான்.

"இல்ல. சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தாங்க."

"அதானே பார்த்தேன்! சத்தமில்லாம பார்த்தா அது பொம்மை பார்த்த மாதிரி. கணக்குலயே வராது."

கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்து ஆடின. சீ, இதெல்லாம் ஒரு பேச்சா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட ஆத்திரம் என்னவென்றால், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் முழுசாகவா பார்த்தாள்? கல்லாக்காரி காகிதப் பை வேண்டுமா என்று நடுவில் கேட்டாளே, அப்போது திரும்பினாளே.

"ஹார்லன், நீ சொல்லு," என்றாள்.

ஹார்லன் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவன். உயரத்துக்குப் பயப்படாதவன், தம்பிக்குப் பயப்படுவான். ஒரு வாரத் தாடியைச் சொறிந்தான். ஆகாயத்தைப் பார்த்தான். "என் பிள்ளை ஆடறான்டா புஃபோர்டு. அவ இருக்கட்டும்," என்றான்.

வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அவள் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் அவள் காதருகே குனிந்து, "எந்திரிச்சுக் கை மட்டும் தட்டிடாத, என்ன?" என்றான்.

களத்துக்குப் போகிற சுரங்க வழியில் பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். அம்மாக்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தி கொடுத்திருந்தார்கள். வெஸ்லி வந்தான். தோளுக்குக் கவசம், மார்புக்குக் கவசம் என்று அலமாரிபோல இருந்தான், முகம் மட்டும் சட்டையைவிடப் பச்சையாக இருந்தது. வாந்தி எடுத்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. மூவரும் வெளிச்சத்துக்குள் நடந்தார்கள். அவன் கை அவள் கையில் நனைந்த துணி மாதிரி இருந்தது.

"அம்மா," என்றான், உதடு அசையாமல்.

"என்னடா?"

"நீங்க... இதுக்கப்புறம் கடைக்குத்தானே போவீங்க?"

சுற்றிலும் கை தட்டல். சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கப் பார்த்தாள். கேட்டுவிட்டது. ஹார்லன் அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் கூட்டத்துக்குக் கை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"உனக்கு நான் போகணுமாடா?"

"தெரியலம்மா. எல்லாரும் அதையே கேக்கறாங்க. உதைக்கிற பையன்கூட கேட்டான், உங்கம்மா போயிடுவாங்கல்லன்னு."

"நீயுமா நம்பற?"

"நம்பல. சத்தியமா நம்பல. ஆனா இன்னைக்கு ஒரு நாள் எதுக்கும்மா..."

காலையிலிருந்து புஃபோர்டோடு மல்லுக்கு நின்றது யாருக்காக? அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. அவள் கையில் இருந்த அந்த ஈர விரல்களால்தான் அவன் பந்தை எறிய வேண்டும். "சரிடா ராசா. போறேன்," என்றாள். அதற்குள் புகைப்படக்காரர் முன்னால் வந்து நின்றுவிட்டார். அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மூன்று பேரும் நன்றாகத்தான் சிரிக்கிறார்கள்.

களத்தை விட்டு வெளியே வந்ததும் ஹார்லனிடம், "நான் கிளம்பறேன்," என்றாள்.

"ஏன்? நான்தான் சொன்னேனே!"

"அவன் கேட்டான்."

ஹார்லன் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

வாசலில் மஞ்சள் சட்டைக் காவலர் கையை நீட்டி மறித்தார். "வெளிய போனா மறுபடி உள்ள விட மாட்டோம்மா. தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"என் பையன் ஆடறான்."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அப்புறம் ஏன் போறீங்க?"

"அதான்," என்று சொல்லிவிட்டு அவள் தாண்டிப் போனாள்.

கடைக்குப் போக மனசு வரவில்லை. புஃபோர்டின் கூடாரத்தில் உட்கார்ந்தாள். டிக்கெட் கிடைக்காதவர்கள் பக்கத்துக் கூடாரங்களில் டிவியைச் சுற்றி நின்றார்கள், அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதுகைக் காட்டினால் போதுமா? காது கேட்கிறதே, அது கணக்கா? காதைப் பொத்தினாள். பொத்திக்கொண்டு மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாமா, கூடாதா? யாரிடம் கேட்பது? இதற்குச் சட்டம் தெரிந்த ஒரே ஆள் புஃபோர்டு, அவன் உள்ளே இருந்தான். மைதானத்திலிருந்து கூச்சல் கிளம்பும், அடங்கும், மறுபடி கிளம்பும். எங்கள் ஊர்க் கூச்சலில் சந்தோஷம் எது, வயிற்றெரிச்சல் எது என்று வெளியில் இருப்பவருக்குப் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு கூச்சலுக்கும் அவள், இது வெஸ்லிக்கா, வெஸ்லியாலா என்று கையிலிருந்த சாமந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு சத்தம் வந்தது. தரையே அதிர்ந்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு உருண்டார்கள். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

புஃபோர்டு ஓடி வந்து அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். "ஒரு புள்ளி பின்னால இருந்தோம் அண்ணி! கடைசி உதை! நம்ம வெஸ்லி எறிஞ்சான் பாருங்க, நேரா கைக்குள்ள போய் உக்காந்துச்சு! ஜெயிச்சுட்டோம்! நீங்க மனுஷியே இல்ல, தெய்வம்! போனீங்க பாருங்க, அதுல இருக்கு!" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். அங்கே இல்லாமல் இருந்ததற்கு இத்தனை மரியாதையா என்று அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஹார்லன் பின்னால் மெதுவாக வந்தான். கண் சிவந்திருந்தது. "நல்லா எறிஞ்சான்," என்றான். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்புச் சாம்பலைக் கிளறப் போய்விட்டான்.

வெஸ்லி குளித்துவிட்டு, தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்தான். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். ஒருத்தருக்கும் நிற்காமல் நேராக அவளிடம் வந்தான்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீதானே போகச் சொன்ன."

"ஆமா," என்றான். "சொன்னேன்." ஷூ முனையால் புல்லைக் கிண்டினான். "கடைசிப் பந்துக்குக் குனிஞ்சு நின்னேன்ல. கால் நடுவுல பின்னாடி பார்க்கணும். அப்ப நம்ம இருக்கை தலைகீழா தெரிஞ்சுது. அப்பா இருந்தார். பக்கத்துல காலியா இருந்துச்சு." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நான் சொன்னா நிஜமாவே போயிடுவீங்களாம்மா?"

வெர்னாவுக்கு யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. அடப்பாவி, நீதானேடா என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, அவனை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தான் செய்தது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்தால் தெரியும் என்றும் தோன்றவில்லை.

"பந்து இருக்கா?" என்றாள்.

"வண்டியில இருக்கு. ஏன்?"

"எடுத்துட்டு வா. ஹார்லன், அந்தக் குச்சியைப் போட்டுட்டு இங்க வந்து நில்லு."

கூடாரங்களுக்கு நடுவே வண்டி போகிற இடைவெளியில் ஹார்லன் பந்தைப் பிடிக்க ஒரு முனையில் மண்டியிட்டான். வெர்னா அவன் பக்கத்தில் நின்றாள். எதிர்முனையில் வெஸ்லி குனிந்தான். கூட்டம் கூடிவிட்டது. பந்து வந்தது. ஹார்லன் தலைக்கு மேலே, நீட்டிய கைக்கும் மேலே, விர்ரென்று போய்ப் பக்கத்துக் கூடாரத்து முட்டைத் தட்டில் இறங்கியது.

எல்லாக் கண்களும் மெல்ல வெர்னா பக்கம் திரும்பின. புஃபோர்டு மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"ஒரு வார்த்தை பேசின, அடுப்பைத் தூக்கித் தலையில கவுத்துருவேன்," என்றாள் வெர்னா. புஃபோர்டு வாயை மூடிக்கொண்டான்.

யாரோ பந்தைத் துடைத்து வெஸ்லியிடம் உருட்டிவிட்டார்கள். அவன் அதை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுடா," என்றாள். "இன்னொண்ணு போடு. எத்தனை தட்டு உடைஞ்சாலும் சரி, நான் இங்கதான் நிக்கப்போறேன்."

அவன் பந்தைத் தரையில் வைத்துக் குனிந்தான். கால்களுக்கு நடுவே அவன் முகம் தலைகீழாக, சிவந்துபோய், அவளைப் பார்த்தது. அவள் இமைக்காமல் பார்த்தாள்.